கண்ணுக்குப் படாத கணினிகள்



கணினி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு திரையும் அதன் முன்னால் ஓர் எழுத்துப் பலகையுமே ஆகும். ஆனால் உலகில் இன்று இயங்கும் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் திரையும் இல்லை. எழுத்துப் பலகையும் இல்லை. அவை வேறு பொருள்களின் உள்ளே ஒடுங்கியிருந்து, தாம் இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் வேலை செய்கின்றன. வீட்டுச் சுவரில் மாட்டிய மின்மானியில் ஒன்று உண்டு. காய்கறிக் கடையின் மின்னணுத் தராசில் ஒன்று உண்டு. பேருந்து நடத்துநர் சீட்டு எடுத்துத் தரும் சிறு பொறியிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும், மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவியிலும் அவை உண்டு. இக்காலக் கார் ஒன்றில் பல பத்துக் கணினிகள் இருக்கின்றன; அதை ஓட்டுபவர் அவற்றுள் ஒன்றையேனும் கண்ணால் கண்டிருக்க மாட்டார். இத்தகைய அமைப்பை 'எம்பெடெட் சிஸ்டம்' என்று பொறியாளர் வழங்குவர். தமிழில் 'உட்பொதி கணினி' எனலாம்.

இக்கணினிகளை ஆக்குவோரும் சோதிப்போரும் பழுது பார்ப்போரும் சென்னையின் தென்புறத்தில், கிண்டியிலிருந்து தாம்பரம் வரையிலும் அதற்கு அப்பாலும், ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுள் சிலரோடு பல நாள் உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்களிடம் நான் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பொறியியல் கற்று வெளிவரும் பிள்ளைகளுக்கு இத்தொழிலில் வாழ்வு உண்டா? உண்டெனில் அதற்கு அவர்கள் என்ன செய்ய வேண்டும்?" இக்கேள்வி என்னுடையது மட்டும் அன்று. மகனையோ மகளையோ கடன் வாங்கிப் படிக்க வைத்துவிட்டு, அடுத்தது என்ன என்று கவலையோடு காத்திருக்கும் எத்தனையோ பெற்றோரின் கேள்வி அது. ஆகவே, அவர்கள் அளித்த விடைகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஊரின் எல்லைக்கு அப்பால் வயலும் ஏரியுமாகக் கிடந்த கிராமங்கள் அந்த இருப்புப் பாதையைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் பெயரால் குரோம்பேட்டை எழுந்தது. அங்கே 1949ஆம் ஆண்டில் சி. ராஜம் என்னும் பெருந்தகை, தம் வீட்டை விற்ற பணத்தை முதலாக இட்டு, சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். மற்றக் கல்லூரிகள் கட்டுமானம், இயந்திரம், மின்சாரம் ஆகிய பழைய துறைகளைக் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்நிறுவனம் வானூர்தி, மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய புதிய துறைகளை எடுத்துக்கொண்டது. பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அங்கு வானூர்தித் துறையில் பயின்றவர். 1959ஆம் ஆண்டில் கிண்டிக் காட்டின் ஓரத்தில் ஐ.ஐ.டி. தோன்றியது. 1984ஆம் ஆண்டில் தாம்பரம் சானடோரியத்தை அடுத்து ஏற்றுமதித் தொழில் வளாகம் அமைந்தது; 'மெப்ஸ்' என்று மக்கள் அதைச் சுருக்கி அழைக்கின்றனர். 1993ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கல்விக் கூடம், ஆய்வுக் கூடம், தொழிற்கூடம் ஆகிய மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிக் கிடப்பது எளிதில் வாய்க்கும் பேறு அன்று.

இனி உரையாடல்களுக்கு வருவோம். மின்னணுத் தொழிற்கூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பொறியாளர் ஒருவரிடம், "கணினிக்கு நிரல் எழுதும் மற்றவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அவர்கள் எழுதும் நிரல் தவறினால் திரை நின்றுவிடும், மனிதர் ஒருவர் பார்த்து, அணைத்து மறுபடி ஏற்றுவார். நாங்கள் எழுதும் நிரல் இயங்கும் இடத்தில் மனிதர் இல்லை. ஆண்டுக் கணக்கில் அது தனியாகவே இருக்க வேண்டும். இடம் குறைவு, மின்சாரம் குறைவு, நேரமும் குறைவு. இந்த மூன்று குறைகளுக்குள் குடும்பம் நடத்துவதுதான் எங்கள் வேலை."

நேரக் குறைவு என்று அவர் சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். கார் மோதும்போது பயணியின் முன் காற்றுப் பை விரிகிறது. மோதலை உணர்ந்து, அது உண்மையான மோதலா அல்லது பள்ளத்தில் சக்கரம் இறங்கிய அதிர்ச்சியா என்று முடிவு செய்து, பையை விரிக்க ஆணையிடுவதற்கு அங்குள்ள கணினிக்குக் கிடைப்பது ஒரு வினாடியின் நூறில் சில பங்கு மட்டுமே. அதன் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், காலந் தாழ்த்தி வந்தால் பயன் இல்லை. "எங்கள் தொழிலில், நேரம் கடந்து வரும் சரியான விடையும் தவறான விடைதான்" என்றார் அவர்.

தனியாக இருக்கும் கணினி தன்னைத் தானே எப்படிக் காத்துக்கொள்கிறது என்று அறிய விரும்பினேன். அதற்குக் 'காவல் நாய்' என்று ஒரு சிறு கடிகாரத்தைச் சிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். நிரல் ஒழுங்காக இயங்கும்வரை குறித்த நேரத்துக்கு ஒருமுறை அந்நாய்க்குச் சோறிட்டுக்கொண்டே இருக்கும். நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் நாய்க்குச் சோறு கிடைக்காது. உடனே அது கணினியை அணைத்துப் புதிதாகத் தொடங்கச் செய்துவிடும். 1997ஆம் ஆண்டு ஜூலையில் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் என்னும் கலம் அடிக்கடி இவ்வாறு மறுதொடக்கம் கொண்டது. ஒரு முக்கியமான வேலை, தன்னினும் சிறிய வேலை ஒன்று பற்றியிருந்த பொருளுக்காகக் காத்திருக்க, இடைப்பட்ட வேறொரு வேலை புகுந்து இரண்டையும் தடுத்துவிட்டதே காரணம். பொறியாளர்கள் அதே போன்ற கணினியைப் பூமியில் வைத்து இயக்கிப் பிழையைக் கண்டுபிடித்தனர். திருத்தத்தை வானொலி அலை வழியே செவ்வாய்க்கு அனுப்பினர். 

அடுத்து நான் உரையாடியவர் ஓர் அம்மையார். பட்டயப் படிப்பும் முடிக்காதவர். பள்ளியிறுதி முடித்து, பயிற்சி பெற்று, மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகளைப் பற்றவைக்கும் வேலையில் சேர்ந்தவர். இன்று பிறர் பற்றவைத்த பலகைகளைச் சோதித்து ஒப்புதல் தருபவர். நம் பொற்கொல்லர் நகையில் 'பற்றாசு' வைப்பதாகச் சொல்வார்கள். அதே வேலைதான் இதுவும். 'டிரை சால்டர்' என்று தொழிலாளர் சொல்லும் குறையை அவர் எனக்குப் பெருக்கிக் கண்ணாடியின் கீழ் காட்டினார். உலோகம் நன்கு உருகி ஓடாமல், ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் நிலை அது. மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது பலகை ஒழுங்காக வேலை செய்யும். பேருந்திலோ காரிலோ பொருத்தி, நம் சாலையில் ஓட்டி, வெயிலிலும் மழையிலும் நிறுத்தினால் சில திங்களில் விட்டுவிட்டு இயங்கத் தொடங்கும். "முற்றிலும் கெட்டது நல்லது, ஐயா; கண்டுபிடித்துவிடலாம். சில நேரம் மட்டும் கெடுவதுதான் ஆளைக் கொல்லும்" என்றார் அவர். எந்தப் பொறியியல் நூலிலும் வைக்கத் தக்க வாசகம் அது என்று எனக்குத் தோன்றியது. நிரல் எழுதும் பொறியாளர், பற்றவைப்பவரின் அறிவையும் மதித்துக் கேட்க வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

மூன்றாமவர் முடிச்சூரைச் சேர்ந்த இளைஞர். பட்டயப் படிப்புப் படித்தவர். பகலில் ஒரு பட்டறையில் வேலை, மாலையில் தம் வீட்டு மாடியில் தாமே கருவிகள் செய்வார். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் கரையில் இருந்த முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இரவில் உறங்கச் சென்றவர்கள் நீரில் கண் விழித்தார்கள். கால்வாயில் நீர் ஏறுவதை இரவிலும் பார்த்துச் சொல்லும் கருவி ஒன்று இருந்தால் என்ன என்று இவ்விளைஞர் எண்ணினார்.

கருவியின் கருத்து எளியது. கால்வாய்க்கு மேல் ஒரு கம்பத்தில், காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பும் சிறு உறுப்பு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். ஒலி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளக்க வேண்டும். நீர் 3 மீட்டர் கீழே இருந்தால், போய் வர ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 17 பங்கு ஆகும். நீர் ஏற ஏற அந்நேரம் குறையும். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பலகையையும் உறுப்புகளையும் கொண்டு ஒரே வாரத்தில் அதைச் செய்துவிட்டார். மேசைமேல் அது மிக அழகாக இயங்கியது.

கால்வாயின்மேல் மாட்டிய பிறகுதான் கல்வி தொடங்கியது என்றார் அவர். நீர் அசையாது இருந்தபோதும், இரவில் ஓர் அளவும் பகலில் வேறோர் அளவும் காட்டிற்று. ஆராய்ந்தபோது காரணம் விளங்கியது. வெப்பம் மிகுந்தால் காற்றில் ஒலியின் வேகம் கூடுகிறது. 22 பாகை வெப்பத்துக்கும் 34 பாகை வெப்பத்துக்கும் இடையே அவ்வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு மாறும்; 3 மீட்டர் ஆழத்தில் இது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்ப் பிழை. ஆகவே வெப்பத்தை அளக்கும் உறுப்பு ஒன்றையும் சேர்த்தார். பின்னர்ச் சிலந்தி ஒன்று ஒலி உறுப்பின் வாயில் வலை பின்னியது. நீர் கரைபுரண்டுவிட்டதாகக் கருவி நள்ளிரவில் அலறியது. ஒரே அளவை நம்பாமல் பதினைந்து அளவுகள் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதைக் கொள்ளுமாறு நிரலை மாற்றினார். அளவு திடீரென்று பாய்ந்தால் நீரா, பூச்சியா என்று ஐயுற்றுச் சற்றுப் பொறுக்குமாறும் செய்தார். கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டோடு, தெருவிலேயே ஒலிக்கும் சங்கு ஒன்றையும் வைத்தார். ஏனெனில் வெள்ளக் காலத்தில் மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும் என்பதை 2015 அவருக்குக் கற்பித்திருந்தது.

"எல்லாவற்றிலும் கடினமானது எது, தம்பி?" என்று கேட்டேன். "பொய்யாக இரண்டு முறை கத்தினால், மூன்றாம் முறை மெய்யாகக் கத்தும்போது எங்கள் தெருவில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஐயா. அந்தப் பயம்தான்" என்றார் அவர்.

அவர் அஞ்சிய அதே இடர், மிகப் பெரிய அளவில், பள்ளிக்கரணையில் உள்ள பெருங்கடல் நிறுவனத்தார்க்கும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், ஐதராபாத்தில் 2007ஆம் ஆண்டில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. அந்நிலையத்துக்குச் செய்தி தரும் கருவிகளுள் சில கடலின் அடித்தளத்தில் கிடக்கின்றன. மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தை அவை இடைவிடாது அளக்கின்றன. பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தபடி, நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் மாறினும் அறியும் நுட்பம் அவற்றுக்கு உண்டு. 3 கிலோமீட்டர் ஆழம் என்று கொண்டால், மூன்று லட்சத்தில் ஒரு பங்கை உணர்வதாகும். வழக்கமான ஏற்றவற்றத்துக்கு மாறாக நீர் எழுந்தால், கருவி உடனே விழித்துக்கொண்டு அடிக்கடி அளக்கத் தொடங்கும். ஒலியலையால் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கடலடியில் மின்கலத்தை மாற்ற ஆள் இல்லையாதலால், மின்சாரத்தை மிகச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். உப்புநீர் உலோகத்தை அரிக்கும். மிதவையின் நிழலில் மீன் கூடும்; மீனைத் தேடி வரும் படகுகள் அதில் கயிறு கட்டும்; உறுப்புகள் உடையும். ஆகவே மீனவர்களுக்கு மிதவையின் பயனை எடுத்துச் சொல்வதும் இந்நிறுவனத்தாரின் பணியுள் ஒன்றாகிவிட்டது. முடிச்சூர் இளைஞரின் சிலந்தியும் ஆழ்கடலின் படகும் கற்பிப்பது ஒன்றே: கருவி இருக்கப்போகும் உலகத்தை அறியாதவர் கருவி செய்ய முடியாது.

நம் மக்கள் அனைவரும் தொட்டுப் பார்த்த உட்பொதி கணினி ஒன்று உண்டு. அது வாக்குப்பதிவு இயந்திரம். பெல் என்று வழங்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அது உருவானபோது, முன்னின்று அப்பணியை நடத்தியவர் எஸ். ரங்கராஜன். 'சுஜாதா' என்ற பெயரில் நாம் அனைவரும் படித்த எழுத்தாளர் அவர்தாம். குரோம்பேட்டையில் மின்னணுவியல் பயின்றவர். எளிய தமிழில் அறிவியலை எழுதி ஒரு தலைமுறைக்கே கணினியை அறிமுகம் செய்தவர், எழுத்தறியாதவரும் பொத்தானை அழுத்திப் பயன்படுத்தும் இயந்திரத்தின் ஆக்கத்திலும் பங்கு கொண்டது பொருத்தமே.

அவ்வியந்திரத்தின் நிபந்தனைகளை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இல்லாத மலையூரிலும் இயங்க வேண்டும். ஆகவே மின்கலத்தால் ஓடுகிறது. வாக்காளரிடம் ஒரு பெட்டி. அதிகாரியிடம் ஒரு பெட்டி. இடையே 5 மீட்டர்க் கம்பி. ஒருவர் ஒருமுறை அழுத்தியபின், அதிகாரி மறுபடி இசைவு தரும்வரை எந்தப் பொத்தானும் பயன்படாது. மின்கலம் தீர்ந்தாலும் பதிவான வாக்கு அழியக் கூடாது. 1982ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் இது முதன்முதலில் பயன்பட்டது. இயந்திரம் வேலை செய்தது. ஆயினும் சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்று 1984ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இவ்வியந்திரத்தால் நடந்தது. 2004ஆம் ஆண்டில் நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் நடந்தது. அதன்பின்னும் மக்களின் ஐயம் ஓயவில்லை. மூடிய பெட்டிக்குள் நிகழ்வதை வாக்காளர் எவ்வாறு நம்புவது என்ற கேள்வி எழுந்தது. 2013ஆம் ஆண்டில், நாகாலாந்தில் நடந்த ஓர் இடைத்தேர்தலில், காகிதச் சீட்டைக் காட்டும் துணைக்கருவி சேர்க்கப்பட்டது. தாம் அளித்த வாக்கு யாருக்குப் பதிவாயிற்று என்பதைக் கண்ணாடியின் வழியே 7 வினாடி பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அது இருந்தது. ஒரு கருவி சரியாக வேலை செய்தால் மட்டும் போதாது, அது சரியாக வேலை செய்கிறது என்பதைப் பிறர் அறியவும் வழி இருக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அவ்வழியை அடைத்தால் நேரும் கேட்டுக்கும் சான்று உண்டு. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும், தெரக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி நோயாளிகள் ஆறு பேருக்கு அளவு கடந்த கதிரைச் செலுத்திவிட்டது. மூவரேனும் அதனால் இறந்தனர். முந்தைய கருவிகளில், தவறு நேர்ந்தால் தடுக்கும் தனித் தாழ்கள் இருந்தன. புதிய கருவியில் அவற்றை நீக்கி, எல்லாக் காவலையும் நிரலிடமே ஒப்படைத்திருந்தார்கள். கருவியை இயக்குபவர் கட்டளையை மிக விரைவாகத் திருத்தினால் நிரல் குழம்பிற்று. மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களிடம் பிழை தோன்றவே இல்லை. அம்மையார் சொன்னது நினைவுக்கு வருகிறது அல்லவா? சில நேரம் மட்டும் கெடுவதே ஆளைக் கொல்லும். இங்கே அது உவமை அன்று, உண்மையாகவே நிகழ்ந்தது.

இவ்வளவு பொறுப்பு வாய்ந்த தொழிலுக்கு நம் பிள்ளைகளை எவ்வாறு ஆயத்தம் செய்கிறோம்? இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இறுதியாண்டு மாணவர் தாமே செய்து காட்ட வேண்டிய திட்டப்பணியை விலைக்கு விற்கும் கடைகள் நகரில் உண்டு. பணத்தைக் கொடுத்தால் பலகை, நிரல், அறிக்கை, கேட்கக் கூடிய கேள்விகளுக்கு விடை ஆகிய அனைத்தும் கிடைக்கும். மாணவருக்கு மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அவர் ஒருமுறையும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்திருக்க மாட்டார். வேலைக்கு ஆள் எடுக்கும் பொறியாளர் ஒருவர் என்னிடம் கூறியது இது: "நான் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. நீ செய்ததில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று கேட்பேன். தாமே செய்தவர் அரை மணி நேரம் பேசுவார். விலைக்கு வாங்கியவர், எல்லாம் நன்றாக ஓடியது, சார் என்பார்." இக்கடைகளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும், ரிச்சி தெருவில் பலகையும் உறுப்புகளும் வாங்கி, ஓராண்டு முழுவதும் வீட்டிலேயே பயில்வதற்கு. 2005ஆம் ஆண்டில் இத்தாலியில் மாணவர்களுக்கென்றே உருவான ஆர்டுயினோ என்னும் பலகையும், 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியும் இக்கல்வியை ஏழைப் பிள்ளைகளின் கைக்கும் எட்டச் செய்துவிட்டன.

என்ன பயில வேண்டும் என்றும் கேட்டேன். அனைவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சொன்னார்கள். சி என்னும் நிரல் மொழியை ஐயமறக் கற்க வேண்டும். ஓமின் விதி முதலாக மின்னியலின் அடிப்படைகளைக் கைப்பழக்கமாக்க வேண்டும். அலைகாட்டியில் மின்னழுத்தத்தின் போக்கைப் பார்த்துப் பொருள் கொள்ளப் பழக வேண்டும். உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்தவர்கள் தரும் 'டேட்டாஷீட்' என்ற விவரத் தாளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அவ்வாங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான் என்றார் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்த கருவியை ஒரு நாள் ஓட்டிப் பார்த்து மகிழாமல் ஒரு மாதம் ஓடவிட்டு, அது எப்பொழுது, ஏன் நின்றது என்று குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும்.

ஊதியத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனத்தில் சேரும் தோழர் முதல் ஆண்டில் பெறுவதைவிட, சிறு கருவித் தொழிற்கூடத்தில் சேர்பவர் பெறுவது பல வேளைகளில் குறைவாகவே இருக்கிறது. திருமண வயதில் மகள் உள்ள வீட்டில், கடன் தவணை கட்ட வேண்டிய வீட்டில், இது சிறிய செய்தி அன்று. இதற்கு விடையாக ஒரு பொறியாளர் கூறியதை அப்படியே தருகிறேன்: "இங்கே அறிவு மெதுவாக வளரும், மெதுவாகத்தான் பழசாகும்." 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 8051 என்னும் சிப்பை நம் கல்லூரிகள் இன்றும் கற்பிக்கின்றன, அதன் வழிவந்தவை இன்றும் பொருள்களுக்குள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் வரும், போகும். மறைமலைநகரில் கார் செய்த பெருந்தொழிற்சாலை ஒன்று 2022ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியதை நாம் கண்டோம். ஒரே நிறுவனத்தின் நடைமுறையை மட்டும் அறிந்தவர் அத்தகைய நேரத்தில் திகைப்பார். அளக்கவும் ஆராயவும் பழுதின் காரணத்தைக் காணவும் அறிந்தவர் வேறு வாயிலைத் தட்டலாம். சிப்புகளையே நம் நாட்டில் வடிவமைக்கும் முயற்சியும் இப்பகுதியிலேயே நடக்கிறது. கிண்டி ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி என்னும் செயலிகளுள் ஒன்று, 2018ஆம் ஆண்டில் சண்டிகரை அடுத்துள்ள உற்பத்திக் கூடத்தில் சிப்பாக வார்க்கப்பட்டது.

இன்னொரு கேள்வியும் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு தானே நிரல் எழுதித் தருகிறதே, இனி மனிதருக்கு என்ன வேலை? இதை முதலில் குறிப்பிட்ட மூத்த பொறியாளரிடம் கேட்டேன். "எழுதித் தரட்டும், எனக்கும் நேரம் மிச்சம். ஆனால் மழையில் நனைந்த பலகையில் கம்பியை வைத்துப் பார்ப்பதும், சிலந்தியைக் கண்டுபிடிப்பதும், இது சரி என்று கையெழுத்திடுவதும் யார்? கையெழுத்திட்டவர்தானே விடை சொல்ல வேண்டும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நிரல் எழுதும் உழைப்பு குறையலாம். அதைச் சோதித்துப் பொறுப்பேற்கும் கடமை குறையாது என்பதே அவர் கருத்து. எழுதுவது எளிதாக ஆக, சோதிக்கத் தெரிந்தவரின் தேவை மிகுமே அன்றிக் குறையாது என்றே நானும் எண்ணுகிறேன்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை பழைய மின்விசிறியின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிரித்ததற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். மகள் பிரித்தாலும் அவ்வாறே. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டப்பணியை விலைக்கு வாங்காதீர்கள்; ஓடாத கருவியோடு தேர்வுக்குப் போக நேர்ந்தாலும், ஏன் ஓடவில்லை என்பதை அறிந்து போங்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒன்று உண்டு. ஓடாத கருவிக்கும், அதன் காரணத்தைச் சரியாகச் சொன்ன மாணவருக்கு, மதிப்பெண் கொடுங்கள். அவ்வாறு செய்தால் விலைக்கு விற்கும் கடைகள் தாமே மூடிக்கொள்ளும்.

நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவியையும், வாக்கை எண்ணும் பெட்டியையும், நள்ளிரவில் நீர் ஏறுவதைச் சொல்லும் சங்கையும் நாளை இப்பிள்ளைகளே செய்யப் போகிறார்கள். அவற்றின் உள்ளே இருப்பதை நாம் பார்க்கப் போவதில்லை. செய்தவரின் நேர்மையை நம்பியே உறங்கப் போகிறோம். அந்நேர்மையைக் கல்லூரிக் காலத்திலேயே அவர்கள் பழகிக்கொள்ளட்டும்.